துறைமுகத்து யானைகள்

1875ஆம் ஆண்டு டிசம்பர் மாதத்தில், பின்னாளில் ஏழாம் எட்வேர்ட் என்னும் பெயரோடு பிரித்தானிய சிம்மாசனம் ஏறிய வேல்ஸ் இளவரசர் இலங்கைக்கு வந்து ஒரு வார காலம் தங்கியிருந்தபொழுது செய்த காரியங்களுள் இரண்டு மட்டும் கொட்டாஞ்சேனைவாசிகளாகிய நாம் சேர்த்து நினைக்கத் தக்கவை. ருவான்வெல்லைப் பகுதிக் காட்டில் யானையொன்றைச் சுட்டு வீழ்த்தி, வேட்டைச் சம்பிரதாயப்படி அதன் வாலை அறுத்தெடுத்தது ஒன்று. கொழும்புத் துறைமுகத்தின் தென்மேற்கு அலைதடுப்பு அணைக்கு முதற்கல் நாட்டியது மற்றொன்று. அரண்மனை உபசாரங்களுக்கும் பவனிகளுக்கும் இடையே நிகழ்ந்த இவ்விரு வைபவங்களையும் அக்காலத்துப் பத்திரிகைகள் ஒரே உற்சாகத்தோடு வருணித்தன. இரண்டுக்கும் இடையே ஏதேனும் சம்பந்தம் இருக்கக்கூடும் என்று எவரும் எண்ணியிருக்க நியாயமில்லை.

அணை 1885இல் முற்றுப்பெற்றது. அதுவரை காலித் துறையை நாடிய கப்பல்கள் கொழும்பை நாடத் தொடங்கவே, கொச்சிக்கடையும் ஜிந்துப்பிட்டியும் கொட்டாஞ்சேனையும் முகத்துவாரமும் கிட்டங்கிகளும் வண்டிப் பேட்டைகளும் துறைமுகத் தொழிலாளரின் நெருக்கமான குடியிருப்புகளும் நிறைந்த பிரதேசங்களாயின. பொன்னம்பலவாணேசர் ஆலயத்துக் கருங்கல் மண்டபங்களில் நின்றாலும் புனித லூசியாள் பேராலயத்தின் குவிமாடத்து நிழலில் நின்றாலும் செவியில் விழும் கப்பற் சங்கின் ஓசை, அந்த 1875ஆம் ஆண்டுக் கல்லிலிருந்து புறப்பட்டதே. கோப்பியும் தேயிலையும் தெங்கும் கறுவாவும் இத்துறைமுகத்து வழியே போன கதையை நம் பாடநூல்கள் விரித்துரைக்கின்றன. இந்த நாட்டின் யானை எந்தெந்தக் காலத்தில் எந்தெந்தத் துறையை நாடி எவ்வாறு சரக்காகப் போயிற்று என்பதையும், எந்தச் சட்டம் எப்பொழுது யாருடைய நலனுக்காக அதைத் தடுத்தது என்பதையும் ஒரே கோவையாக எடுத்துரைப்போர் அரியர். அதைச் சொல்லப் புகுந்தால் ஓர் உண்மை முதலிலேயே புலப்பட்டுவிடும்: களவு வேட்டைக்காரன் எவன் என்பதை இத்தீவில் யானையின் கதி தீர்மானித்ததில்லை, யானை எவருடைய உடைமை என்று அந்தந்தக் காலத்து இராஜாங்கம் சொல்லிற்றோ அதுவே தீர்மானித்தது.

ஏறத்தாழ 1,800 ஆண்டுகளுக்கு முன்னர் கிரேக்க மொழியில் எழுதிய ஈலியன் என்பார், தப்ரொபேன் என்று தாம் அறிந்த இத்தீவின் யானைகள் பாரத கண்டத்து யானைகளைவிட வலிமையும் அறிவும் மிக்கவை என்றும், தீவின் மக்கள் பெரிய மரக்கலங்களைக் கட்டி அவற்றைக் கலிங்க அரசனுக்கு விற்றனர் என்றும் குறித்துள்ளார். பன்னிரண்டாம் நூற்றாண்டிலோ காற்று எதிர்ப்பக்கமும் வீசிற்று. பர்மிய அரசன் யானைகளின் விலையை உயர்த்தி ஏற்றுமதியையும் தடுத்தான் என்ற குறையோடு மகா பராக்கிரமபாகு கடல் கடந்து படையனுப்பியதைச் சூளவம்சம் விவரிக்கின்றது. மகிந்த தேரர் மிகிந்தலைக் குன்றில், மான் வேட்டையாடிக்கொண்டிருந்த தேவநம்பியதீசனை எதிர்கொண்டு அறம் உரைத்த கி.மு. மூன்றாம் நூற்றாண்டுச் செய்தியைக் காட்டி, வனவிலங்குச் சரணாலயங்களுக்கெல்லாம் முற்பட்டது நம் நாட்டுச் சரணாலயம் என்று பெருமை பேசுவது இங்கு வழக்கம். அப்பெருமையைக் குறைப்பது என் கருத்தன்று. ஆயினும் சிங்கள அரசர்களின் ஆட்சியில் யானை அரச உடைமையாக இருந்ததும், அரசனுடைய உத்தரவின்றி அதைப் பிடிப்பதும் கொல்வதும் கடுந்தண்டனைக்குரிய குற்றமாக இருந்ததும் ஜீவகாருண்யத்தினால் மட்டும் அன்று. கருவூலத்தில் உள்ள இரத்தினத்தைக் காக்கும் அதே கருத்தோடு காட்டில் உள்ள யானையும் காக்கப்பட்டது.

இத்தீவின் தந்தச் சிற்பத் தொழில்நுட்பம் எத்தகையது என்று காண விரும்புவோர் இன்று ஜெர்மனியின் மியூனிக் நகரத்துக்குப் போகவேண்டும். கோட்டை இராசதானியின் ஏழாம் புவனேகபாகு, தன் பேரன் தர்மபாலனின் அரசுரிமையைப் போர்த்துக்கேய மன்னன் அங்கீகரிக்கவேண்டும் என்று 1540களின் தொடக்கத்தில் லிஸ்பனுக்குத் தூது அனுப்பிய காலத்தில், சிங்களச் சிற்பிகள் செதுக்கிய தந்தப் பேழையொன்று அங்குள்ள அரண்மனைக் கருவூலத்தில் இருக்கின்றது. போர்த்துக்கேய மன்னன் தர்மபாலனுக்கு முடிசூட்டும் காட்சி அதில் கடைந்தெடுக்கப்பட்டிருக்கிறது. பேழை நிலைத்தது, அதை அனுப்பிய அரசு நிலைக்கவில்லை.

போர்த்துக்கேயர் 1619இல் யாழ்ப்பாண அரசைக் கைப்பற்றிய பின்னர், வன்னிச் சிற்றரசர்களாகிய வன்னியர்கள் திறையாக யானைகளையே செலுத்தவேண்டியவராயினர். வன்னிக் காடுகளில் பிடிபட்ட யானைகள் ஆனையிறவின் ஆழமற்ற நீரைக் கடந்து குடாநாட்டுக்குள் கொண்டுவரப்பட்டன. ஊர்காவற்றுறையைப் போர்த்துக்கேயர் யானைகளின் துறை என்றே தம் மொழியில் வழங்கினர். அவர்களை அகற்றிய ஒல்லாந்தக் கம்பனி, 1656இல் கொழும்பையும் 1658இல் யாழ்ப்பாணத்தையும் வசப்படுத்திக்கொண்டு, கறுவாவைப் போலவே யானையையும் தன் ஏகபோக வர்த்தகமாக்கிற்று. மாத்தறைக் காடுகளில் கஜநாயக்கர் என்ற பட்டம் தாங்கிய தலைவர்களின் கீழ் நூற்றுக்கணக்கான குடிகள் அரச ஊழியமாகத் திரண்டு, யானைக் கூட்டங்களைப் பறையொலியாலும் தீவட்டியாலும் வெருட்டி மரவேலிப் பட்டிக்குள் செலுத்துவர். பட்டினியாலும் பழகிய யானைகளின் துணையாலும் அடங்கிய பின்னர், அவை தீவின் தெற்குக் கோடியிலிருந்து வடக்குக் கோடிக்குக் கால்நடையாகவே நடத்திச் செல்லப்பட்டன. மேற்குக் கரையோரமாகக் கொழும்பு, நீர்கொழும்பு, சிலாபம், புத்தளம் என்று தொடர்ந்து மாந்தைக்கும் அப்பால் யாழ்ப்பாணத்துக்கும் சென்ற அந்த நெடும்பயணத்தில் வழியிலே மடிந்தவை மடிய, எஞ்சியவற்றை வாங்குவதற்குக் கோல்கொண்டாவிலிருந்தும் வங்காளத்திலிருந்தும் வர்த்தகர்கள் யாழ்ப்பாணத்தில் காத்திருந்தனர்.

இலங்கை யானைக்கு அவ்வளவு கிராக்கி ஏன் என்பதற்கு, பதினேழாம் நூற்றாண்டில் இந்தியா எங்கும் சுற்றித் திரிந்த பிரெஞ்சு இரத்தின வியாபாரி தவெர்னியே ஒரு விநோதமான காரணம் கூறுகின்றார்: வேற்று நாட்டு யானைகள் இலங்கை யானையைக் கண்டமாத்திரத்தில் துதிக்கையைத் தரையில் ஊன்றி உயர்த்தி வணக்கம் செலுத்துமாம். இரத்தினங்களை மதிப்பிடுவதில் அவர் பொய் சொன்னாரல்லர் என்று நம் செட்டியார் தெரு வியாபாரிகள் ஒருவேளை ஒப்புக்கொள்ளலாம். யானை விஷயத்தில் விற்பவன் சொன்னதை அப்படியே எழுதிவிட்டார் என்றே எனக்குத் தோன்றுகின்றது. அக்கிராக்கியும் நீடிக்கவில்லை. தக்காணத்து அரசுகளும் மொகலாயப் பேரரசும் தளர்ந்த பதினெட்டாம் நூற்றாண்டில் யானை வாங்குவோர் குறைந்தனர். யாழ்ப்பாணத்துச் சந்தையும் சோர்ந்தது.

இவ்வரலாற்றில் தம் பெயர் எழுதப்படாமலே வாழ்ந்து மறைந்தோர் பணிக்கர்கள். வன்னியிலும் மன்னார்க் கரையிலும் ஏறாவூரிலும் வாழ்ந்த இந்த முஸ்லிம் யானை பிடிப்போர், எருமைத்தோலாலும் மான்தோலாலும் திரித்த வார்க்கயிற்றை மட்டும் நம்பி, ஆயுதமின்றி, இருவர் மூவராகக் காட்டு யானையின் பின்சென்று, அது ஓடும்பொழுதே பின்னங்காலிற் சுருக்கிட்டுக் கயிற்றின் மறுமுனையை மரத்தில் மாட்டிவிடும் ஆற்றல் வாய்ந்தவர்கள். காற்றின் திசையை அறிவது, சுவட்டின் ஈரத்தைக் கொண்டு நேரத்தைக் கணிப்பது, கூட்டத்தில் எது தாய் எது தனியன் என்று தூரத்திலிருந்தே தெளிவது ஆகியவை அவர்களுக்குத் தந்தை வழி வந்த வித்தை. விலங்கைக் கட்டுப்படுத்தும் எந்தத் தொழிலும் கொடுமையற்றது என்று நான் வாதிக்கவில்லை. ஆயினும் யானையை உயிரோடு பிடித்தாலொழிய ஊதியமில்லாத இவர்களுக்கும், யானையைக் கொன்றாலே ஊதியம் என்று அடுத்து வந்த ஆட்சி அறிவித்த ஏற்பாட்டுக்கும் இடையே உள்ள தூரம் அளவிடற்கரியது.

அந்த ஆட்சி ஆங்கிலேயருடையது. வயல்களையும் சேனைகளையும் அழிக்கும் துஷ்ட மிருகம் என்று யானையைப் பிரகடனம் செய்து, கொன்றவனுக்குத் தலைக்கு இத்தனை ஷில்லிங் என்று அரசாங்கமே வெகுமதி கொடுத்தது. 1845 முதல் 1850 வரை இலங்கையின் குடியேற்றச் செயலாளராக இருந்த சேர் ஜேம்ஸ் எமர்சன் தெனன்ட் தம் நூல்களில் தரும் கணக்கைப் படிக்கும்பொழுது இன்றும் நெஞ்சு துணுக்குறும். 1848க்கு முந்திய மூன்றாண்டுகளுக்கும் குறைந்த காலத்தில் வட மாகாணத்தில் மட்டும் வெகுமதி பெற்றுக் கொல்லப்பட்ட யானைகள் 3,500. 1851க்கும் 1855க்கும் இடையில் தென் மாகாணத்தில் கொல்லப்பட்டவை 2,000. வெகுமதிக்காகச் சுட்டவன் ஏழைக் கிராமவாசி. விளையாட்டுக்காகச் சுட்டவர்கள் துரைமார். அவர்களுள் மேஜர் றொஜர்ஸ் என்பார் ஒருவரே 1,400க்கு மேற்பட்ட யானைகளைக் கொன்றார் என்று தெனன்ட் எழுதுகின்றார். கல்வே, ஸ்கின்னர் என்னும் வேறு இருவர் ஏறக்குறைய அதிற் பாதியளவு கொன்றவர்கள். றொஜர்ஸ் 1845இல் அப்புத்தளையில் இடி விழுந்து மாண்டார். நுவரெலியாவில் உள்ள அவருடைய கல்லறையையும் இடி விடவில்லை என்று மலைநாட்டார் தலைமுறை தலைமுறையாகச் சொல்லிவருவது, அந்தக் கொலைகளைக் கண்டு வாய் திறக்க முடியாதிருந்த மக்கள் தமக்குள் எழுதிக்கொண்ட தீர்ப்பு என்று கொள்ளலாம்.

இதில் தந்தம் எங்கே என்று வாசகர் கேட்பது நியாயம். ஆபிரிக்க யானையில் ஆணுக்கும் பெண்ணுக்கும் தந்தம் உண்டு. இலங்கையிலோ ஆண்களிலும் நூற்றுக்குப் பத்துக்கும் குறைவானவையே தந்தம் உடையவை. எனவே அந்த ஆயிரக்கணக்கான யானைகளிற் பெரும்பாலானவை தந்தத்துக்காகவும் கொல்லப்படவில்லை, இறைச்சிக்காகவும் கொல்லப்படவில்லை. சுட்ட இடத்திலேயே அழுகிப்போயின. காட்டுக்கு வேறு ஒரு தேவை பிறந்திருந்தது. 1830களிலிருந்து கண்டி மலைகளில் கோப்பித் தோட்டங்கள் பரவின. மேட்டுக் காடுகள் வெட்டிச் சுடப்பட்டன. அக்காடுகளை வெட்டவும் தோட்டங்களைப் பேணவும் தமிழகத்திலிருந்து நம் முன்னோர் அழைத்துவரப்பட்டனர். ஒல்லாந்தர் யானைகளை வடக்கே நடத்திச் சென்ற அதே மன்னார்க் கரையில் இறங்கி, அக்கூலி மக்கள் காட்டு வழியே தெற்கு நோக்கி மாத்தளைக்கு நடந்தனர். வாந்திபேதியாலும் பசியாலும் வழியில் விழுந்தோரை எண்ணி எழுதுவதில் அக்காலத்து உத்தியோகஸ்தர்கள் யானைக் கணக்கிற் காட்டிய கவனத்தைக் காட்டினார்கள் என்று சொல்ல முடியாது.

கொன்று குறைத்த பின்னரே காக்கவேண்டும் என்ற எண்ணம் வந்தது. 1872இலும் 1891இலும் வேட்டையைக் கட்டுப்படுத்தும் கட்டளைச் சட்டங்கள் பிறந்தன. யானையைச் சுட அனுமதிப்பத்திரம் வேண்டும் என்றாயிற்று. மான்தோலும் மரைக்கொம்பும் மூட்டை மூட்டையாகக் கொழும்புத் துறைமுகத்தால் ஏற்றுமதியாவதைக் கண்டு கலங்கிய தோட்டத் துரைமார் 1894இல் வேட்டை விலங்குப் பாதுகாப்புச் சங்கத்தை நிறுவினர். தாம் சுடுவதற்கு விலங்குகள் மிஞ்சவேண்டும் என்பதே அச்சங்கத்தின் ஆதி நோக்கம் என்பதை மறைப்பதற்கில்லை. அதே சங்கம் இன்று வனசீவராசிகள் மற்றும் இயற்கைப் பாதுகாப்புச் சங்கமாக வளர்ந்து, யானைக்காக நீதிமன்றப் படியேறும் நிலைக்கு வந்திருப்பது காலத்தின் விசித்திரம். நேற்று வரை வெகுமதி வாங்கிய கிராமவாசி, அனுமதிப்பத்திரத்துக்குப் பணமில்லாத ஒரே காரணத்தால், ஒரு கையெழுத்தில் களவு வேட்டைக்காரன் ஆனான். துரை வேட்டைக்காரர் ஆகவே நீடித்தார்.

யாலையின் முதற் காவலராக 1908இல் நியமிக்கப்பட்ட ஹென்றி எங்கல்பிரெக்ட் தென்னாபிரிக்கப் போரிற் சிறைபிடிக்கப்பட்டு இலங்கைக்குக் கொண்டுவரப்பட்ட ஒரு பூவர். பிரித்தானிய முடிக்கு விசுவாசப் பிரமாணம் செய்ய மறுத்ததால் தாயகம் திரும்பமுடியாமல் அம்பாந்தோட்டையில் தங்கிவிட்டவர். முதல் உலக யுத்தத்தில், எம்டன் என்னும் ஜெர்மன் போர்க்கப்பலுக்கு இறைச்சி கொடுத்தார் என்ற பொய்க் குற்றச்சாட்டில் அவரைச் சிறையில் அடைத்தனர். காட்டைக் காக்க ஓர் எதிரியைத் தேர்ந்தெடுத்த அதே ஆட்சி அவரை நம்பவும் மறுத்தது. 1937இன் இரண்டாம் இலக்கத் தாவர, விலங்கினப் பாதுகாப்புக் கட்டளைச் சட்டமும், 1938இல் தேசிய வனங்களாகிய யாலையும் வில்பத்துவும், 1949இல் தனித் திணைக்களமும் தொடர்ந்தன. மரவேலிப் பட்டியில் யானை பிடிக்கும் வழக்கம் 1950இல் பனாமுறையில் முடிவுற்றது. பிடிபட்ட கூட்டத்தின் தலைவனான ஆண் யானை அடங்க மறுத்துச் சுட்டுக் கொல்லப்பட, நாடு முழுவதும் எழுந்த துக்கமும் கோபமும் அதன்பின் எவரையும் அத்தகைய பட்டியைக் கட்ட விடவில்லை.

இதனிடையே உயிருள்ள யானை கப்பலேறும் வியாபாரமும் நடந்துகொண்டிருந்தது. ஹம்பர்க் நகரத்து மிருக வர்த்தகக் குடும்பத்தைச் சேர்ந்த ஜோன் ஹாகன்பெக் கொழும்பிற் குடியேறி, இலங்கையின் யானைகளையும் பிற மிருகங்களையும் ஐரோப்பியக் காட்சிச்சாலைகளுக்கு அனுப்பினார். வெள்ளவத்தைக்கு அடுத்த தெகிவளையில் அவர் தொடங்கிய மிருகக் கொட்டிலே பிறகு கம்பனியாகி, அது நொடித்தபின் 1936இல் அரசாங்கத்தின் கைக்கு வந்து இன்றைய மிருகக்காட்சிச்சாலை ஆயிற்று.

சர்வதேச அளவில் இவ்வியாபாரத்துக்குக் கடிவாளமிட்ட சைட்டிஸ் உடன்படிக்கை 1973இல் கையெழுத்தாகி 1975இல் நடைமுறைக்கு வந்தது. இலங்கை 1979இல் அதிற் சேர்ந்தது. சட்டம் இறுகியபொழுது சரக்கும் தன் வடிவத்தை மாற்றிக்கொண்டது. 2012ஆம் ஆண்டு மே மாதத்தில், கென்யாவிலிருந்து துபாய் நோக்கிச் சென்றுகொண்டிருந்த ஒரு கொள்கலனைக் கொழும்புத் துறைமுகத்திற் சுங்கத்தினர் திறந்தபொழுது, உள்ளே 359 தந்தங்கள் இருந்தன. எடை ஏறக்குறைய ஒன்றரைத் தொன். மரபணு ஆய்வு அவை வட மொசாம்பிக்கிலும் தன்சானியாவிலும் வாழ்ந்த யானைகளுடையவை என்று காட்டிற்று. குறைந்தது 180 யானைகள். நம் காட்டில் ஒன்றுகூட விழவில்லை. ஆயினும் நம் வாசலில் இருந்தது அக்குற்றம். சிங்கப்பூரையும் ஹொங்கொங்கையும் போலவே கொழும்பும் கப்பல் மாற்றும் துறையாதலால், புறப்பட்ட நாட்டுக்கும் போய்ச்சேரும் நாட்டுக்கும் நடுவே சரக்கின் பூர்வீகத்தை மறைக்க விரும்புவோர் இத்தகைய துறைகளையே தேடுவர்.

பிடித்த தந்தத்தை என்ன செய்வது? கண்டித் தலதா மாளிகைக்கு வழங்கலாம் என்று அன்றைய அரசாங்கம் எண்ணியபொழுது, இரத்தம் படிந்த தந்தம் புனிதத் தலத்துக்குத் தகாது என்றும், அவ்வாறு வழங்குவது சர்வதேச உடன்படிக்கைக்கு முரண் என்றும் இயற்கைப் பாதுகாவலர்கள் வாதிட்டனர். நான்காண்டு இழுபறிக்குப் பின்னர், 2016 ஜனவரி 26ஆம் திகதி காலிமுகத்திடலில், பல சமயக் குருமாரும் சைட்டிஸ் செயலாளர் நாயகமும் முன்னிலையில் இருக்க, மாண்ட யானைகளுக்காக இரண்டு நிமிடம் மௌனம் காத்தபின், அத்தந்தங்கள் இயந்திரத்தில் நொறுக்கப்பட்டன. நொறுங்கியவை புத்தளம் சீமெந்துச் சூளையிற் சாம்பலாயின. விலையுயர்ந்த பொருளை இப்படி அழிப்பது விரயம் என்று முணுமுணுத்தவர்கள் நம் பகுதியிலும் இருந்தார்கள். நான் அவர்களோடு உடன்படேன். பண்டைய அரசர் முதல் வெள்ளைக்காரர் வரை எல்லா ஆட்சிகளும் யானைக்கு ஒரு விலை வைத்தன. விலை வேண்டாம் என்று ஓர் அரசு பகிரங்கமாகச் சொன்னது இத்தீவின் வரலாற்றில் அன்றுதான்.

சைட்டிஸ் நாடுகளின் பதினெட்டாவது மாநாடு 2019 மே மாதத்திற் கொழும்பிற் கூடுவதாக இருந்தது. ஏப்ரல் 21, உயிர்த்த ஞாயிறன்று, கொச்சிக்கடை அந்தோனியார் ஆலயத்தில் நம் அயலாரும் உறவினரும் பலியான குண்டுவெடிப்பு அம்மாநாட்டை ஜெனீவாவுக்குப் பெயர்த்துவிட்டது. ஆகஸ்டில் அங்கு கூடியபொழுது, இந்தியாவும் இலங்கையும் முன்வைத்த வேண்டுகோளின்படி, வளர்ப்புப் பிராணி வியாபாரத்துக்காகக் களவாடப்படும் நட்சத்திர ஆமை மிகக் கடுமையான பாதுகாப்புப் பட்டியலில் சேர்க்கப்பட்டது. நம் மலைகளுக்கே உரிய கொம்பு ஓணான்களும் பட்டியலில் இடம்பெற்றன. அவற்றுள் நக்கிள்ஸ் மலைத்தொடரில் மட்டும் வாழும் ஒன்று, யானைக் கொலைக் கணக்கை எழுதிவைத்த தெனன்டின் பெயரையே விஞ்ஞானப் பெயராகத் தாங்குவது.

2011ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி இலங்கையிற் காட்டு யானைகள் 5,879. 2023இல் மட்டும் இறந்தவை 470க்கு மேல். துப்பாக்கியும், மின்கம்பியும், ரயிலும், பூசணிக்காய்க்குள் மறைத்து வைக்கப்படும் ஹக்கபட்டாஸ் என்னும் வெடியும் அவற்றிற் பலவற்றைக் கொன்றன. பயிரை இழக்கும் உழவனின் துயரம் தீராமல் இக்கொலைகள் தீரா. அது அரசாங்கம் செய்யவேண்டிய காரியம். நாம் செய்யக்கூடிய காரியம் வேறொன்று உண்டு. 2017 நவம்பரிற் கல்கமுவப் பகுதியில், தந்தங்கள் ஒன்றையொன்று பின்னியிருந்த புகழ்பெற்ற கொம்பன் யானை கொல்லப்பட்டது தந்தத்துக்காகவும், அதன் வேரில் திரள்வதாகச் சொல்லப்படும் கஜமுத்துக்காகவுமே. கஜமுத்தோடு ஆட்கள் கைதான செய்தி நம் பத்திரிகைகளில் ஓயாமல் வருகின்றது. வாங்குவோன் இல்லாத பொருளை விற்பதற்கு எவனும் காட்டுக்குள் நுழையமாட்டான். வீட்டிற் செல்வம் பெருகும் என்று கஜமுத்தைத் தேடுவோரும், கண்ணேறு கழியும் என்று பிள்ளையின் விரலுக்கு யானைமுடி மோதிரம் கேட்போரும் காட்டிலே வேறெங்கோ உள்ள அந்நியரல்லர். நம் தெருக்களில் நம்மோடு கோயிலுக்கும் தேவாலயத்துக்கும் போகிறவர்கள். அடுத்த முறை எவரேனும் அவற்றை உங்களிடம் விலை பேச வந்தால், வாங்காமல் திருப்பி அனுப்புவதோடு நில்லாமல், வனசீவராசிகள் திணைக்களத்துக்கோ பொலிசுக்கோ அறிவியுங்கள்.